தீயை வென்ற நார், மூச்சைத் தின்ற கதை

2000-ஆம் ஆண்டு பிறந்து இரண்டாம் நாள். உலகம் புத்தாண்டுக் களிப்பிலே திளைத்துக் கொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே ஒரு முதியவரின் மூச்சு நின்றது. பெயர் எல்மோ சும்வால்ட். 1944-இல் லெய்ட்டே வளைகுடாப் பெரும்போரிலே நாசகாரிக் கப்பலில் நின்று களம் கண்டவர். 1970 முதல் 1974 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி. கறுப்பின வீரர்களுக்கு அடைபட்டுக் கிடந்த கதவுகளைத் திறக்க ஆணை பிறப்பித்த நெஞ்சுரம் கொண்டவர்.

பகைவனின் பீரங்கி அவரைத் தொடவில்லை. நீர்மூழ்கி அவரை வீழ்த்தவில்லை. அலைகடல் அவரை விழுங்கவில்லை. அவரைக் கொன்றது தூசு! கண்ணுக்குத் தெரியாத, கையிலே கனக்காத, மூக்கிலே மணக்காத தூசு. கல்நார் என்று நாம் அழைக்கும் ஆஸ்பெஸ்டாசின் தூசு, நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலே விளைவிக்கும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்கு அந்தத் தளபதி இரையானார்.

தளபதியின் சாவை உலகம் அறிந்தது. ஆனால் அவருடைய காலத்துக் கப்பல்களிலே கொதிகலனுக்குத் தீ மூட்டியவன், குழாய் செப்பனிட்டவன், பொறியறையிலே வியர்வை சிந்தியவன், அதே நோயால் மாண்டபோது எந்த ஏடு எழுதிற்று? வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் நான். பாடநூலிலே மிட்வே உண்டு, நார்மண்டி உண்டு, மூழ்கிய கப்பல்களின் எண்ணிக்கை உண்டு. போர் ஓய்ந்து முப்பது ஆண்டு கழித்து, சொந்த வீட்டுக் கட்டிலிலே மூச்சுக்குத் தவித்து மாண்ட கடற்படை வீரனுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. அந்த விடுபட்ட வரியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பல்லியும் பாறையும்

கல்நார் மனிதனுக்குப் புதிய பொருளன்று. அணைக்க முடியாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே ஆஸ்பெஸ்டாஸ் என்று வழங்கலாயிற்று. தீயிலே போட்டாலும் கருகாத துணியைக் கண்டு பண்டைய மக்கள் வியந்தனர். வியப்பு வந்தால் விளக்கம் தேட வேண்டும். ஐரோப்பியர் விளக்கம் தேடவில்லை, கதை கட்டினர். சாலமாண்டர் என்று பல்லி போன்ற ஓர் உயிர் உண்டாம். அது நெருப்பிலேயே வாழுமாம். அதன் மயிரிலே நெய்ததாம் அந்தத் துணி! படித்தவரும் நம்பினர்.

13-ஆம் நூற்றாண்டிலே கீழை நாடுகளுக்குப் பயணம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அந்தக் கதையை உடைத்தார். சாலமாண்டர் என்பது விலங்கே அன்று, மலையிலே வெட்டியெடுக்கும் கனிப்பொருள். அதை உலர்த்தி, இடித்து, கழுவி, நாராக்கி நூற்கிறார்கள் என்று தம் பயண நூலிலே எழுதி வைத்தார். பகுத்தறிவு வென்றது, பல்லி தோற்றது!

ஆனால், தோழர்களே, அந்தப் பல்லிக் கதையால் எவரும் சாகவில்லை. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதே நாரைச் சுற்றி மற்றொரு பொய் பின்னப்பட்டது. அதைப் பின்னியவர் பாமரர் அல்லர். பட்டம் பெற்றவர், பதவி வகித்தவர், பங்குத்தொகை பெற்றவர். "இந்த நாரால் கேடில்லை" என்பதே அந்தப் பொய். அதன் விலை பல்லாயிரம் உயிர்!

கப்பலுக்குள் நுழைந்த கதை

பாய்மரம் போய் நீராவி வந்ததும் கப்பல், மிதக்கும் உலைக்களமாயிற்று. அடியிலே கொதிகலன், அதன் அருகே நீராவிச் சுழலி, அங்கிருந்து உடலெங்கும் ஓடும் நரம்புகள்போல் கப்பல் முழுதும் சூடேறிய குழாய்கள். உறையின்றி விட்டால் வெப்பம் வீணாகும். தொட்டவன் கை வெந்து போகும். எண்ணெய் சொட்டினால் தீப்பற்றும். நடுக்கடலிலே தீப்பிடித்தால் ஓடி ஒளிய இடமேது? 1934-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'மாரோ காசில்' என்னும் அமெரிக்கப் பயணக் கப்பல் தீக்கிரையாகி 130-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, எரியாத பொருள்களால் கப்பல் கட்ட வேண்டும் என்ற குரல் ஓங்கிற்று. எரியாத பொருள் எது? கல்நார்! உயிர் காக்கும் தோழனாகவே அது கப்பலுக்குள் வரவேற்கப்பட்டது.

மற்றொரு காரணமும் உண்டு. 1922-ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கை, வல்லரசுகளின் போர்க்கப்பல்களுக்கு எடை வரம்பு விதித்தது. ஆகவே உறையிலே ஒரு பவுண்டு எடை குறைந்தால், பீரங்கிக்கும் குண்டுக்கும் ஒரு பவுண்டு கூடுதல் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டனர். 1934-இல் நாசகாரிக் கப்பல்களின் சுழலிகளுக்கென எடை குறைந்த புதிய உறை உருவாக்கப்பட்டது. அமோசைட் என்னும் பழுப்புக் கல்நாரால் ஆன கம்பளம் அது. சமாதானத்தின் பெயரால் எழுதிய உடன்படிக்கை போர்க்கருவியைக் குறைக்கவில்லை. போர்வீரனின் மூச்சைக் குறைத்தது.

கப்பலுக்குள் வாழ்ந்த வீரனை எண்ணிப் பாருங்கள். அவன் உறங்கும் பலகைக்கு மேலே உறை சுற்றிய குழாய். பீரங்கி முழங்கும்போதெல்லாம் கப்பல் அதிரும், உறை உதிரும். பழுது பார்க்க வேண்டுமானால் பழைய உறையைக் கையாலே பிய்த்தெறிந்து, புதியதை அறுத்துச் சுற்ற வேண்டும். சாளரமற்ற பொறியறையிலே அந்தத் தூசு எங்கே போகும்? மூச்சுக்குள்தான் போகும். தொழிலாளிக்கு வேலை முடிந்தால் வீடு உண்டு. கப்பல் வீரனுக்கோ வேலையிடமும் வீடும் ஒன்றே. உண்டதும் உறங்கியதும் அந்தத் தூசின் நடுவேதான்.

தோண்டியவர் யார்?

அமோசைட் என்ற பெயரே ஒரு நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம்: தென்னாப்பிரிக்கக் கல்நார்ச் சுரங்க நிறுவனம் என்பதன் முதலெழுத்துகள். அந்த நார், தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவால் பகுதியிலே, பெஞ்சு முதலிய சுரங்கங்களிலிருந்து வந்தது. தோண்டியவர் கறுப்பின மக்கள். பாறையைச் சுத்தியலால் தட்டி நாரைப் பிரித்தவர் பெண்களும் குழந்தைகளும். ஷெப்பர்ஸ் என்னும் மருத்துவர் 1949-இல் அங்கே கண்ட காட்சியைப் பின்னாளில் எழுதி வைத்தார். பெரிய சாக்குகளுக்குள்ளே சிறுவர் நின்றுகொண்டு, தலைமேல் பொழியும் கல்நாரைக் காலால் மிதித்து அழுத்துகிறார்கள். மிதிக்கும் கால் ஓயாதிருக்க, சவுக்கோடு ஒரு கண்காணி காவல் நிற்கிறான்.

அந்தச் சாக்குதான் கடல் கடந்தது. அந்த நார்தான் நாசகாரிக் கப்பலின் சுழலியிலே சுற்றப்பட்டது. கறுப்புச் சிறுவனின் நெஞ்சையும் வெள்ளை மாலுமியின் நெஞ்சையும் ஒரே நார் துளைத்தது. நிறம் பார்த்து வேலை கொடுத்தவர் உண்டு. நிறம் பார்த்து நோய் கொடுக்கும் தூசு இல்லை.

மூச்சிலே தைத்த முள்

கல்நாரின் ஓர் இழை, தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. மூச்சோடு இறங்கி நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லும். உடலின் காவல் அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும், முடியாது. தீக்கே அழியாத பொருள், உடலின் அமிலத்துக்கா அழியும்? காவல் அணு சாகும், இழை நிற்கும். மீண்டும் ஓர் அணு வரும், அதுவும் சாகும். இந்தப் போராட்டத்திலே நுரையீரல் புண்பட்டுப் புண்பட்டுத் தழும்பேறும். காற்றுப் பை கல்லாகும். இது கல்நார் நுரையீரல் நோய், ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலிலே புற்றுநோய் வருவதும் உண்டு. நுரையீரல் உறையிலே தோன்றும் மீசோதீலியோமா எல்லாவற்றினும் கொடியது. கண்டறிந்தபின் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகள்கூட வாழ்வதில்லை.

இந்த நோய்களின் தனி இயல்பு ஒன்றை நெஞ்சிலே நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த வரலாற்றின் திறவுகோலே அதுதான். தூசு புகுந்த அன்றே நோய் வராது. அடுத்த ஆண்டும் வராது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டு காத்திருக்கும். இருபது வயதிலே சுவாசித்ததற்கு அறுபது வயதிலே தண்டனை! குற்றத்துக்கும் விளைவுக்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துவிடுவதால் குற்றவாளி தப்பினான், குற்றம் மறைந்தது, செத்தவனின் வீட்டார் "தலைவிதி" என்று தலையிலே அடித்துக்கொண்டனர்.

தெரியாமல் நேர்ந்ததா?

தெரியாமல் நேர்ந்தது என்பார் உண்டு. ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

1898-இல் பிரிட்டனின் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன் என்னும் பெண்மணி, கல்நார்த் தூசை உருப்பெருக்கியிலே பார்க்கச் செய்து, கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையான துகள்கள் அவை, உடல்நலத்துக்குக் கேடு என்று அரசுக்கு அறிக்கை தந்தார். 1899-இல் லண்டன் மருத்துவர் மாண்டேகு மரேயிடம் ஒரு நோயாளி வந்தான். கல்நார் ஆலையிலே 14 ஆண்டு உழைத்தவன். தன்னோடு அதே அறையிலே வேலை செய்த பத்துப் பேரில் தான் ஒருவனே மிச்சம் என்றான். அவனும் மாண்டான். அறுத்துப் பார்த்தபோது நுரையீரலிலே கல்நார் இருந்தது. 1906-இல் அரசுக் குழு முன் மரே அதைச் சான்றாகச் சொன்னார். குழு கேட்டது, கல்நாரை இழப்பீட்டுப் பட்டியலிலே சேர்க்கவில்லை.

1924-இல் ராச்டேல் நகரத்துக் கல்நார் நூற்பாலைப் பெண் ஒருத்தி, சிறுமியாய் ஆலைக்குள் நுழைந்தவள், 33-ஆம் வயதிலே மாண்டாள். மருத்துவர் குக் அவள் நுரையீரலை ஆராய்ந்து எழுதினார். 1927-இல் நோய்க்குப் பெயரும் சூட்டினார். 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் பிரிட்டிஷ் அரசுக்காக 363 தொழிலாளரைச் சோதித்தனர். 95 பேருக்கு நோய். வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவரிடம் நோய் அரிது. இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தவருள் ஐவரில் நால்வருக்கு நோய். காலம் கூடக் கூட நோயும் கூடும் என்பது அன்றே அச்சிலே ஏறிவிட்டது. 1931-இல் பிரிட்டன் ஆலைகளுக்குத் தூசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் செய்தது. ஆலையிலே நாரை நூற்றவனுக்கு ஓரளவு காவல் கிடைத்தது. கப்பலிலே அந்த நாரைப் பிய்த்தவன் தூசிலேயே விடப்பட்டான்.

இனிக் கடற்படைக்கு வருவோம். 1941 மார்ச் 11. அமெரிக்கக் கடற்படை மருத்துவத் துறையிலே நோய்த்தடுப்புப் பிரிவின் தலைவர் ஸ்டீபன்சன், தலைமை மருத்துவர் மெக்கின்டயருக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்நார் வேலை ஏராளமாக நடக்கிறது. நம் ஆட்களை நாம் காக்க வேண்டிய அளவு காக்கவில்லை என்பது எனக்கு உறுதி. பல கப்பல்தளங்களிலிருந்து வந்த அறிக்கைகளும் இதையே சொல்கின்றன என்று அதிலே எழுதினார். பொதுநலத் துறை ஆய்வாளர்களைக் கப்பல்தளங்களுக்குள் விடுவது பற்றியும் அதிலே பேச்சு உண்டு. தொழிலாளரிடையே கலக்கம் உண்டாகுமென்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கருதுவதாக மெக்கின்டயர் தெரிவித்திருந்தார் என்பதையும் ஸ்டீபன்சன் குறித்து வைத்தார்.

கலக்கம் உண்டாகுமாம்! உண்மை தெரிந்தால் உழைப்பவன் கலங்குவான், ஆகவே உண்மையை அவனுக்குச் சொல்லாதே! இந்த நியாயத்துக்கு என்ன பெயர் சூட்டுவது?

1943-இல் கடற்படையும் கப்பற்போக்குவரத்து ஆணையமும் கப்பல்தளங்களுக்குக் குறைந்தபட்ச நலவிதிகளை வகுத்தன. தூசு எழும் வேலையைத் தனியே ஒதுக்கிச் செய்க, காற்றை உறிஞ்சி வெளியேற்றுக, மூச்சுக் கவசம் தருக, மருத்துவச் சோதனை நடத்துக என்று அழகாக எழுதின. எழுதிய தாளிலே விதி இருந்தது. இறங்கிய கப்பலிலே தூசு இருந்தது. போர்க் காலத்திலே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் அமெரிக்கக் கப்பல்தளங்களிலே உழைத்தனர். இரவும் பகலும் கப்பல்கள் எழுந்தன. யாருக்கு நேரம் இருந்தது, தூசைப் பற்றிக் கவலைப்பட?

ஆயிரத்து எழுபத்து நான்கு பேர்

இந்த வரலாற்றிலே என்னை மிகவும் உறுத்திய ஏடு ஒன்று உண்டு. 1946-இல் வெளிவந்தது. கடற்படைக் கப்பல்களிலே குழாய்க்கு உறை சுற்றும் 1,074 பேரைச் சோதித்து நால்வர் எழுதிய ஆய்வு. அந்த நால்வருள் ஒருவர் ஹார்வர்டு பேராசிரியர் பிலிப் டிரிங்கர். யார் இவர்? இளம்பிள்ளை வாதத்தால் மூச்சு நின்றுபோகும் குழந்தைகளைக் காக்க 'இரும்பு நுரையீரல்' என்னும் பொறியைக் கண்டவர்களுள் ஒருவர்! மனித மூச்சைக் காத்த மேதை.

அந்த ஆய்வு என்ன சொல்லிற்று? 1,074 பேரில் நோய் கண்டவர் மூவரே. ஆகவே கடற்படைக் கப்பல்களிலே உறை சுற்றுவது ஆபத்தான தொழில் அன்று என்று முடிவு கட்டிற்று. அந்த மூவரும் யார்? இருபது ஆண்டுக்கு மேல் அத்தொழிலிலே இருந்தவர்கள். மற்றவர்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பத்தாண்டுகூட உழைக்காதவர்கள். போருக்கென்று புதிதாக வந்தவர்கள்.

விதை ஊன்றிய மறுநாளே வயலைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றும் முளைக்காது" என்று எழுதிக் கொடுத்தால் உழவன் நகைப்பான். இருபது ஆண்டு கழித்து வரும் நோயை ஐந்து ஆண்டு உழைத்தவனிடம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1930-ஆம் ஆண்டு அறிக்கை அவர்கள் கைக்கு எட்டும் தூரத்திலே இருந்தது. டிரிங்கரை நான் கொடியவர் என்று சொல்லவில்லை. அறிவாளியும் தவறான நேரத்திலே சரியான கேள்வியைக் கேட்டால் தவறான விடைதான் பெறுவான் என்பதே பாடம். அந்தத் தவறான விடை, பின்வந்த ஆண்டுகளிலே எத்தனை அதிகாரிகளுக்குத் தலையணையாயிற்று! "ஆராய்ந்துவிட்டார்கள், அச்சமில்லை" என்று எத்தனை பேர் அயர்ந்து உறங்கினர்! பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்பது மூடநம்பிக்கை என்றால், பேராசிரியர் சொன்னார் என்பதற்காக ஆராயாமல் ஏற்பதும் அதன் உடன்பிறப்பே.

வாய்ப்பூட்டு

டிரிங்கர் பிழை செய்தார். வேறு சிலரோ பிழை செய்யவில்லை, அறிந்தே மறைத்தனர். 1935-இல் கல்நார்த் தொழிலின் இதழொன்று, இந்த நோய் பற்றி எழுதலாமா என்று ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் நிறுவனத் தலைவர் சம்னர் சிம்சனைக் கேட்டது. ஜான்ஸ்-மேன்வில் நிறுவனத்தின் சட்ட அலுவலர் வாண்டிவர் பிரவுனுக்கு சிம்சன் எழுதினார்: கல்நார் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நமக்கு நல்லது என்று. பிரவுனும் உடன்பட்டார். 1936-இல் சாரனாக் ஆய்வுக்கூடத்திலே விலங்குகளைக் கொண்டு சோதனை நடத்த நிறுவனங்கள் பணம் தந்தன. முடிவுகள் எங்களுக்கே உரியவை, எங்கள் இசைவின்றி வெளியிடலாகாது என்று நிபந்தனையும் விதித்தன. 1943-இல் அங்கே ஆய்வு செய்த லீராய் கார்டனர், சுண்டெலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டிகள் வந்ததைக் கண்டார். 1946-இல் அவர் மறைந்தார். 1951-இல் ஆய்வு வெளிவந்தது. புற்றுநோய் பற்றிய பேச்சு மட்டும் அதிலே இல்லை.

சிம்சனின் கடிதங்கள் 1977-இல்தான் வழக்காடு மன்றங்களின் வழியே வெளிச்சத்துக்கு வந்தன. நாற்பத்திரண்டு ஆண்டு பெட்டிக்குள்ளே உறங்கின. அந்த நாற்பத்திரண்டு ஆண்டும் கப்பல்களிலே தூசு உறங்கவில்லை.

உடல்கள் சாட்சி சொல்லின

காகிதத்தை மறைக்கலாம், பிணத்தை மறைக்க இயலுமா? 1955-இல் பிரிட்டனின் ரிச்சர்டு டால், இருபது ஆண்டு உழைத்த 113 கல்நார்த் தொழிலாளரைக் கணக்கெடுத்தார். நுரையீரல் புற்றுநோயால் ஒருவர்கூடச் சாக எதிர்பாராத இடத்திலே 11 பேர் செத்திருந்தனர். 1960-இல் தென்னாப்பிரிக்காவிலே வாக்னரும் அவர் துணைவரும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினர். சுரங்கத்திலே இறங்காமல், சுரங்கக் கழிவுமேட்டின் அருகே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவரும் அவருள் உண்டு. 1964-இல் நியூயார்க் மருத்துவர் செலிகாஃப், உறை சுற்றும் தொழிலாளர் சங்கத்தின் பதிவேட்டைத் திறந்தார். நிறுவனங்கள் ஏடுகளை மூடி வைத்தபோது, தொழிலாளியின் சங்கம் தன் ஏட்டைத் திறந்து கொடுத்தது! 632 பேரின் வாழ்வையும் சாவையும் பின்தொடர்ந்தார். நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோயால் ஏழு பேர் மாள்வர் என்று எதிர்பார்க்கக்கூடிய இடத்திலே 45 பேர் மாண்டிருந்தனர். 1946-ஆம் ஆண்டு ஆய்வு கேட்க மறந்த கேள்வியை அவர் கேட்டார்: "வேலையிலே இருப்பவனை விடுங்கள், வேலைக்கு வந்தவன் இருபது ஆண்டு கழித்து எப்படி இருக்கிறான்?"

1965-இல் லண்டனிலே நியூஹவுஸ், தாம்சன் என்னும் இருவர் 76 மீசோதீலியோமா நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்தனர். 31 பேர் கல்நார் வேலை பார்த்தவர். 9 பேர் வேலை பார்த்தவரோடு ஒரே வீட்டிலே வாழ்ந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவர்! கணவன் தூசு படிந்த உடையோடு வருவான். மனைவி அதை உதறுவாள், துவைப்பாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளக் குழந்தை ஓடி வரும். அன்பினால் செய்த ஒவ்வொன்றும் நஞ்சாயிற்று. அந்தப் பெண்ணுக்கு எந்த விதி எச்சரித்தது? எந்த அதிகாரி கவசம் தந்தார்?

1980-இல் மாண்ட புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஸ்டீவ் மெக்குயினின் நோயும் மீசோதீலியோமாவே. இளமையிலே கடற்படைக் காலாட்படையிலே இருந்தபோது, தண்டனை வேலையாகக் கப்பல் குழாய்களின் உறையைப் பிய்த்ததுதான் காரணம் என்று அவரே கருதினார். 1978-இல் அமெரிக்க நலத்துறை அமைச்சர் கலிஃபானோ, 1940 முதல் 80 இலட்சம் முதல் 110 இலட்சம் வரையான தொழிலாளர் கல்நாருக்கு ஆளாகியிருக்கலாம் என்று நாட்டுக்கு எச்சரிக்கை விடுத்தார். ஸ்டீபன்சன் கடிதம் எழுதி 37 ஆண்டு கழித்து!

அரசு அணிந்த கவசம்

நோயுற்ற வீரன் நீதி கேட்டுப் போனான். வாயிலிலேயே மறிக்கப்பட்டான். 1950-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஃபெரஸ் என்னும் வழக்கிலே, பணியின் தொடர்பாக நேர்ந்த கேட்டுக்கு வீரன் அரசின்மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. படைவீடு தீப்பற்றியதால் மாண்ட வீரன் பற்றிய வழக்கு அது. பிரிட்டனிலோ 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பிரிவு அதே தடையைப் போட்டது. 1987-இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் தூசை உண்டவனுக்கு அந்த நீக்கம் பயன்படாது.

விளைவைப் பாருங்கள். ஒரே பொறியறை, ஒரே தூசு, அருகருகே இருவர். ஒருவன் கப்பல்தளத்துச் சம்பளத் தொழிலாளி, மற்றவன் கடற்படைச் சீருடை அணிந்தவன். இருவருக்கும் ஒரே நோய். தொழிலாளி வழக்குத் தொடுத்து ஈடு பெறலாம். நாட்டுக்காக உயிர் கொடுப்பேன் என்று சூள் உரைத்தவனுக்கோ அந்த உரிமை இல்லை! அரசு கவசம் வழங்க மறந்தது வீரனுக்கு. தனக்கு அணிந்துகொள்ள மறக்கவில்லை. பழைய வீரர் அமைப்புகள் ஓயாது போராடிய பிறகே, 2015 டிசம்பரில் பிரிட்டன் இறங்கி வந்தது. மீசோதீலியோமா கண்ட பழைய வீரருக்கு ஒரே தொகையாக 1,40,000 பவுண்டு தர இசைந்தது. 2016-இல் முன்பே நோய் கண்டு உயிரோடிருந்தவருக்கும் அதை நீட்டித்தது.

அமெரிக்காவிலே அரசின் கதவு அடைபட்டதால், வீரர் உறை செய்து விற்ற நிறுவனங்களின் கதவைத் தட்டினர். 1973-இல் டெக்சாஸ் பகுதித் தொழிலாளி ஒருவரின் வழக்கிலே, எச்சரிக்காமல் விற்றவனே பொறுப்பு என்று மேல்முறையீட்டு மன்றம் முழங்கிற்று. தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடில்லை. 1982 ஆகஸ்டில், ஏறத்தாழ 16,500 வழக்குகள் நிலுவையில் இருக்கையில், ஜான்ஸ்-மேன்வில் நிறுவனம் திவால் சட்டத்திலே அடைக்கலம் புகுந்தது. 2019-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இரு மாலுமிகளின் குடும்பத்தார் தொடுத்த வழக்கிலே மற்றொரு படி ஏறியது. தன் பொறி இயங்கக் கல்நார் தேவை என்று தெரிந்தும் எச்சரிக்காதவன், அந்தக் கல்நாரைத் தானே விற்கவில்லை என்று கூறித் தப்ப முடியாது என்றது. பழைய வீரர் நலத்துறை உதவித்தொகை தருகிறது என்பதும் உண்மை. ஆனால் நாற்பது ஆண்டுக்கு முன் எந்தக் கப்பலிலே, எந்த அறையிலே, எந்தக் குழாயின் கீழே நின்றேன் என்று மூச்சுத் திணறுபவன் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறதே, அந்தச் சுமையை என்னென்பது!

நம் கரை நோக்கி வந்த கப்பல்

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று ஏட்டை மூடிவிட வேண்டாம். 2005 டிசம்பர் 31 அன்று பிரெஞ்சுக் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் 'கிளமான்சோ', தூலோன் துறையிலிருந்து புறப்பட்டது. எங்கே? இந்தியாவுக்கு, குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு! உடைத்துப் பிரிப்பதற்காக. அதன் வயிற்றிலே ஏராளமான கல்நார். பிரான்சின் தொழிலாளி தொடக்கூடாதென்று அந்நாட்டுச் சட்டம் காக்கும் பொருளை, நம் நாட்டுக் கூலித்தொழிலாளி வெறுங்கையாலே பிய்க்க வேண்டுமாம். எதிர்ப்பு எழுந்தது, நம் உச்சநீதிமன்றம் தலையிட்டது, பிரான்சின் உயர்மன்றம் தடுத்தது. 2006 பிப்ரவரி 15 அன்று குடியரசுத் தலைவர் சிராக் கப்பலைத் திரும்பி வர ஆணையிட்டார். முடிவில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரத்திலே, உரிய காவலோடு அது உடைக்கப்பட்டது. கேட்டால் திரும்பும் கப்பலும் உண்டு என்பதற்கு அது சான்று. கேளாமையால் கரை சேர்ந்த கப்பல்கள் எத்தனையோ!

1995-இல் நம் உச்சநீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய அடிப்படை உரிமை என்று கல்நார்த் தொழிலாளர் வழக்கிலேதான் தீர்ப்பளித்தது. ஆனாலும் பிரிட்டன் 1999-இல் தடை செய்த வெள்ளைக் கல்நாரை, அமெரிக்கா 2024 மார்ச்சில் தடுத்து ஆணையிட்ட அதே பொருளை, நாம் இன்றும் கூரைத் தகடாக வேய்கிறோம். தகடு உடையாமல் கிடக்கும்வரை தூசு குறைவு. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் துளையிடும்போதும்தான் அது விடுதலை பெறுகிறது. அறுப்பவன் யார், உடைப்பவன் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

தோழர்களே! கப்பல்படை வீரனின் இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம் ஒன்று. சாவு வந்ததும் "விதி" என்று சொல்லாதீர்கள். இந்த விதியை எழுதியவனுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு. 1935-இல் எழுதிய கடிதத்திலே அவன் கையெழுத்து உண்டு. 1941-இல் கிடைத்த எச்சரிக்கையைத் தள்ளி வைத்த மேசை உண்டு. தலையிலே எழுதியதை அழிக்க முடியாது என்பார்கள். தாளிலே எழுதியதைப் படிக்கலாம், மன்றத்திலே வைக்கலாம், மாற்றவும் செய்யலாம்.

"கேடில்லை" என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராயினும், மூன்று கேள்வி கேளுங்கள். யாரைச் சோதித்துச் சொல்கிறீர்? எத்தனை ஆண்டு காத்திருந்து சொல்கிறீர்? சோதனைக்குப் பணம் கொடுத்தவர் யார்? இந்த மூன்று கேள்வியையும் 1946-இலே ஒருவன் உரக்கக் கேட்டிருந்தால், எத்தனை மாலுமிகள் தம் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் அளவுக்கு மூச்சோடு வாழ்ந்திருப்பார்கள்!

அன்று கேட்க ஆளில்லை. இன்று நாம் இருக்கிறோம்.